தர்ஷினியின் முதல் தட்டு

சென்ற மாதம், நான் வேலைசெய்த ஆய்வுகூடத்துக்குப் புதிய இயந்திரம் ஒன்று வந்திருப்பதாகச் சொல்லி, இப்போது அங்கே இருக்கும் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். கிருமியைக் கரைத்து ஒரு சின்ன அட்டையில் ஏற்றி உள்ளே வைத்தால், மறுநாள் காலையில் அதன் பெயரையும் அது எந்த மருந்துக்கு அடங்கும் என்பதையும் அச்சடித்துத் தந்துவிடுகிறது. நாங்கள் மூன்று நான்கு நாள் கண்ணாலும் மூக்காலும் செய்த வேலை. நல்லது என்றேன். தேநீர் தந்தார்கள். பிறகு அவர்களில் மூத்தவள் தயங்கியபடி, ஆண்டு மலர் ஒன்று போடுவதாகவும் அதற்கு நான் கட்டுரை தர வேண்டும் என்றும் கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. என்ன தலைப்பு வைக்கலாம் என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"நிஸாம் சேரப் பத்தி எழுதித் தாங்க சேர்," என்றாள். "நீங்கதானே அவரோட இருபது வருஷம் வேல செஞ்சீங்க."

முப்பத்து மூன்று வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக இருந்தவன் நான். என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தேநீரும் தந்து கேட்டது இன்னொருவனைப் பற்றி. தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. பிறகு யோசித்தேன். நிஸாமின் திறமைக்கு எல்லோரும் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. கலேவெலச் சிறுமியின் கதை. அதை எழுதினால் என்னைப் பற்றியும் எழுதாமல் முடியாது. எழுதுகிறேன்.

என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த எழுதுவினைஞர். நான் இங்கே பிறந்தவன். பேச்சும் இங்கத்தையது. அப்பாவின் ஊர் உறவினர்கள் நான் வாய் திறந்தாலே சிரிப்பார்கள். கொழும்பில் இரண்டு வருடம் பயிற்சி. பிறகு தூரத்து ஊர்களில் மலேரியா இரத்தத் துளிகளும் சிறுநீரும் பார்த்து ஒன்பது வருடம். அதன்பின் சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் கிருமி வளர்த்துப் பார்க்கும் பிரிவுக்கு வந்தேன். எட்டு மாதம் கழித்து நிஸாம் வந்தான். உக்குவளைக்காரன். கொழும்பில் என்னோடு ஒரே தொகுதியில் படித்தவன். அங்கேயும் எனக்கு ஒரு இடம் முன்னால் நின்றவன்.

அவனுக்கு ஒரு மூக்கு இருந்தது. கிருமி வளர்க்கும் தட்டுகளை முகரக்கூடாது என்பது விதி. அப்போதும் விதிதான். ஆனால் எல்லோரும் முகர்ந்தோம். மூடியை ஒரு விரற்கடை தூக்கி, கையால் காற்றை விசிறி, ஒரு நொடி. எனக்கு ஏதோ வாசம் என்று மட்டும் தெரியும் இடத்தில் அவன் பெயர் சொல்லுவான். மறுநாள் சோதனைகளும் அந்தப் பெயரையே சொல்லும். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இரண்டு பேர் செய்யும் வேலையில் ஒருவர் கெட்டிக்காரராக இருந்தால் மற்றவருக்கு வேலை இலேசு. எனக்கு அது ஒவ்வொரு நாளும் செருப்புக்குள் கிடந்த கல் மாதிரி இருந்தது.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த நிபுணர் டொக்டர் அனோமா. நாங்கள் மெடம் என்போம். காலை எட்டேகாலுக்கு வருவார். கைப்பையை வைத்து, தலைமுடியை இழுத்துக் கட்டி, கை கழுவி, ஜன்னல் பக்கம் நிற்பார். நாங்கள் தட்டுகளை வரிசையாக நீட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பார். பேச மாட்டார். பிழை என்றால் திட்டவும் மாட்டார். தட்டைத் திருப்பி எங்கள் கையிலேயே தந்துவிட்டு அடுத்ததை வாங்குவார். அப்படித் திரும்பி வந்த தட்டைக் கையில் பிடித்தபடி நிற்பது மிகவும் அவமானமாக இருக்கும். பாராட்டும் கிடையாது. ஆனால் அவருக்கே குழப்பமான தட்டு வரும்போது தலையை நிமிர்த்தி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று சிங்களத்தில் கேட்பார். அதை நிஸாமிடம்தான் கேட்பார். நான் பக்கத்தில் நின்றாலும் அவனிடம்தான். என்னிடம் வார்டுகளுக்குப் போகும் கடிதங்களையும் விளக்கக் குறிப்புகளையும் எழுதத் தருவார். எழுத்தர் வேலை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு எழுதிக் கொடுப்பேன்.

நான் சொல்ல வந்த காரியம் நடந்தபோது அந்தக் கலேவெலச் சிறுமி தர்ஷினிக்கு ஒன்பது வயது. இப்போது பத்தொன்பது.

அவளுடைய தகப்பன் கலேவெலச் சந்தையில் மரக்கறி மூட்டை ஏற்றி இறக்குபவர். தாய் பெயர் லெட்சுமி. பிள்ளைக்குக் கைக்குழந்தையிலிருந்தே நெஞ்சுச் சளி. சாப்பாடு நன்றாகச் சாப்பிடுவாள், உடம்பில் ஒட்டாது. முதலில் ஆஸ்துமா என்று மருந்து. பிறகு காசநோயாக இருக்கலாம் என்று ஆறு மாத மாத்திரை. எதுவும் பிடிக்கவில்லை. இவளுக்கு முன்பு பிறந்த ஆண்பிள்ளை எட்டாவது மாதத்தில் சளிக்காய்ச்சலில் போய்விட்டது. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. எங்கள் கைக்கு வந்தது ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியும் ஒரு துண்டுக் கடதாசியும்தான்.

சளி வந்தால் என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும். முதலில் அது சளிதானா எச்சிலா என்று பார்ப்போம். கட்டியாக, மஞ்சளாக, பச்சையாக இருக்கிற இடத்திலிருந்து கம்பி வளையத்தால் கொஞ்சம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, சாயமிட்டு நுண்ணோக்கியில் வைப்போம். வாயின் தோல் செல்கள் நிறைய இருந்தால் அது வாய் எச்சில், பயனில்லை. சீழ் செல்கள் நிறைய இருந்து வாய்ச் செல்கள் குறைவாக இருந்தால் அது நுரையீரலிலிருந்து வந்தது. பிறகு இரத்தம் கலந்த சிவப்புத் தட்டிலும், சூடாக்கிய இரத்தத்தால் மண்ணிறமாகிப்போன தட்டிலும், இன்னொரு இளஞ்சிவப்புத் தட்டிலும் கோடுகோடாக இழுத்து, உடற்சூட்டில் வைக்கும் பெட்டிக்குள் அடுக்கிவிடுவோம். மறுநாள் என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்போம்.

தர்ஷினியின் முதல் தட்டை வாசித்தது நிஸாம். அது ஒரு வியாழக்கிழமை. மறுநாளிலிருந்து மகளின் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் லீவு போட்டிருந்தான். வேலை மேசையில் ஒரு நோட்டு இருக்கும். யார் எந்தத் தட்டில் என்ன பார்த்தோம் என்று அதில் எழுதிவைப்போம். அவன் எழுதியிருந்தான்: "இரண்டு வகை. நிறையப் பச்சை. நாலைந்து வழுவழுப்பு. இன்னும் ஒரு நாள் வைத்துப் பார்க்கவும்."

வெள்ளிக்கிழமை அந்தத் தட்டை நான் எடுத்தேன். பச்சையாகப் பளபளத்துத் தட்டையாகப் படர்ந்திருந்தது சூடோமோனாஸ். அதன் வாசம் பழுத்த திராட்சை மாதிரி. அதை அறிய நிஸாமின் மூக்குத் தேவையில்லை. தண்ணீர்க் குழாயிலும் ஆஸ்பத்திரிக் கழுவுதொட்டியிலும் வாழும் கிருமி. இடையிடையே நாலைந்து கொலனி, அதாவது கிருமித் திட்டு, மட்டும் வேறுமாதிரி, உருண்டு, ஈரமாக, சவர்க்காரம் கரைந்து நிற்பது போல. நான் கம்பி வளையத்தால் தொட்டு இழுத்தேன். நூல் மாதிரி நீண்டு வந்தது.

அதற்கு என்ன அர்த்தம் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். கொழும்பில் ஒரு விரிவுரையில் கேட்டிருந்தேன். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய் உள்ள பிள்ளைகளின் நெஞ்சில் சளி பசையாக இறுகி நகராமல் நிற்கும் என்றும், அதில் இந்தக் கிருமி போய் இப்படி வழுவழுப்பாக மாறும் என்றும் சொல்லியிருந்தார்கள். நம் நாட்டில் அபூர்வம் என்றும் சொன்னார்கள். அபூர்வம் என்றாலும் இல்லை என்று இல்லை. முதல் நாள் சாயமிட்ட கண்ணாடித் துண்டையும் எடுத்துப் பார்த்தேன். சீழ் செல்கள் நிறைந்து கிடந்தன. வாய்ச் செல் தேடித்தான் காண வேண்டியிருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையின் நுரையீரலிலிருந்து வந்த நல்ல மாதிரி அது.

எனக்குத் தெரியாமல் விட்டது இல்லை. இதைத்தான் இவ்வளவு காலம் நான் ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மெடத்தின் அறைக் கதவைப் பார்த்தேன். கொண்டுபோனால் நோட்டைக் கேட்பார். நோட்டில் நிஸாமின் எழுத்து இருக்கும். ஆள் கல்யாண வீட்டில் இருக்கும்போதுகூட, நிஸாம் என்ன நினைக்கிறார் என்றுதான் கேட்பார். நான் தூக்கிக்கொண்டு வந்தவன் ஆவேன். கண்டுபிடித்தவன் அவன் ஆவான். அந்த நினைப்பு வந்ததும் என் கை தானாகவே ரிப்போர்ட் படிவத்தை இழுத்தது. "சூடோமோனாஸ். நீரிலிருந்தோ கருவியிலிருந்தோ கலந்திருக்கலாம். மீண்டும் மாதிரி அனுப்பவும்." கையொப்பமிட்டேன். யாரும் பிழை சொல்ல முடியாத வசனம். கலப்படம் அடிக்கடி நடப்பதுதான். தட்டை அவித்தழிக்கும் பைக்குள் போட்டேன். அவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போயிருக்காது.

மீண்டும் மாதிரி வர ஏழு வாரம் ஆனது. கலேவெலவிலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். தகப்பனுக்குக் காலில் அடிபட்டு அவர் வீட்டில் கிடந்த நேரம் அது. ரிப்போர்ட்டில் கிருமி கலப்படம் என்று இருந்ததால் அவசரமில்லை என்று அங்கிருந்த டொக்டர் சொல்லியிருக்கிறார். நான் எழுதியதை நம்பித்தான் அவர் சொன்னார்.

ஏழாவது வாரம் பிள்ளை வார்டில் படுத்தாள். உதடு நீலம். ஒட்சிசன் குழாய். இந்த முறை தட்டை எடுத்தது நிஸாம். பச்சை எங்கேயும் இல்லை. தட்டு முழுக்க வழுவழுப்பு. சாய்த்தால் வடித்த கஞ்சி மாதிரி ஒரு பக்கம் ஓடியது. அவன் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அந்தத் தட்டு எங்க சிவா?"

"கலப்படம்னு போட்டேன். வீசிட்டேன்," என்றேன்.

அவன் புதிய தட்டை எடுத்துக்கொண்டு மெடத்திடம் போனான். சாய்த்துப் பார்த்தவர் தட்டைத் திருப்பித் தரவில்லை. நாங்கள் அறிய அவர் முதன்முறையாக ஆய்வுகூடத்தைவிட்டு வார்டுக்குப் போனார். நிஸாமைக் கூப்பிட்டார். மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

மெடம் தாயிடம் கேட்டது ஒரே கேள்வி. நிஸாம் தமிழில் சொன்னான். பிள்ளையின் வேர்வையில் ஏதாவது வித்தியாசம் கண்டிருக்கிறீர்களா? லெட்சுமி கொஞ்சம் யோசித்தாள்.

"முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குங்க," என்றாள். "வெயில்ல வெளையாடிட்டு வந்தா நெத்தியில உப்புப் பூத்து நிக்கும். பெரியவனுக்கும் அப்படித்தான் இருந்திச்சு. நான் அத ஒரு நோயின்னு நினைக்கலீங்க."

பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பி வேர்வையைச் சோதித்தார்கள். அந்த நோய்தான். ஆஸ்பத்திரி முழுக்க நிஸாமின் பெயர். டொக்டர்மார் எங்கள் பிரிவுக்கு வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் அடுத்த மேசையில் சிறுநீர்க் குப்பிகளுக்கு இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் மெடம் எங்கள் இருவரையும் தன் அறையில் உட்காரவைத்து விளக்கினார். இந்தக் கிருமி முதலில் நெஞ்சுக்குள் வரும்போது மூர்க்கமாக இருக்கும். நீந்த வால் இருக்கும், பச்சைச் சாயம் இருக்கும், தசையைக் கரைக்கும் நஞ்சுகள் இருக்கும். ஆனால் அந்த நிலையில் பிடித்துவிட்டால், கடுமையான மருந்து கொடுத்து விரட்டிவிட வாய்ப்பு உண்டு. விட்டுவிட்டால் அது அந்த நுரையீரலுக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளும். வாலை விடும். நஞ்சைக் குறைக்கும். வழுவழுப்பான போர்வையைப் போர்த்திக்கொண்டு கூட்டமாகக் குந்தும். வேறொருவர் உடம்பில் எடுத்து வைத்தால் அதற்கு முந்தைய வீரியம் இருக்காது. ஆனால் இந்த நெஞ்சைவிட்டுப் போகாது. மருந்தும் உள்ளே இறங்காது, உடம்பின் காவல் செல்களும் அண்ட முடியாது. வீரியம் குறைந்தது நல்லது என்று நினைக்காதீர்கள் என்றார். அடக்கி வைக்கலாம், அழிக்க முடியாது.

பிறகு கோப்பைத் திறந்து, ஏழு வாரத்துக்கு முன் ஒரு மாதிரி வந்திருக்கிறதே, அதை யார் பார்த்தது என்று கேட்டார். என் கையொப்பம் அவர் முன்னாலேயே இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நிஸாம் பேசினான்.

"நாங்க ரெண்டு பேரும்தான் பாத்தோம் மெடம். இன்னொரு தடவ எடுத்துப் பாக்கலாம்னு ரெண்டு பேருமே நினைச்சோம்."

மெடம் கோப்பை மூடிவிட்டார்.

அன்று எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. திறமையும் அவனுக்கு, பெருந்தன்மையும் அவனுக்கா என்று எரிந்தது. அவன் தயவில் என் நல்ல பெயர் நிற்கிறது. ஒவ்வொரு நாளும் பக்கத்து நாற்காலியில் அவனைப் பார்த்துக்கொண்டே நான் அதைச் சுமக்க வேண்டும். மூன்று நாள் தாங்கினேன். நாலாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டுபோய் மெடத்தின் முன்னால் விரித்தேன். நிஸாம் எழுதியதைக் காட்டினேன். நான் பார்த்ததை, புரிந்துகொண்டதை, வீசியதைச் சொன்னேன். வாசிப்பவர்கள் அதை என் மனச்சாட்சி என்று எண்ணிவிடக் கூடாது. அவனுக்குக் கடமைப்பட்டு இருக்க முடியாமல்தான் போனேன்.

மெடம் நோட்டை வாங்கிப் பார்த்தார். தெரிந்தும் ஏன் வீசினீர்கள் என்று கேட்டார். அதற்குப் பதில் தராமல், கிருமியை அழிக்க முடியாமல் போனதற்கு அந்த ஏழு வாரம்தான் காரணமா என்று நான் கேட்டேன். "அது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது," என்றார் சிங்களத்தில். "முதல் தட்டிலேயே வழுவழுப்பு தொடங்கியிருக்கிறது. அப்போதே பிந்தியிருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு சந்தர்ப்பம் இருந்தும் இருக்கலாம்."

ரிப்போர்ட் பிழை என்று வார்டு டொக்டருக்குக் கடிதம் போனது. அந்தக் கடிதத்தையும் என்னைக்கொண்டுதான் எழுதுவித்தார். டொக்டர் அதைத் தாய்க்குச் சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை. சொல்லியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மெடம் எனக்கு எழுத்தில் எச்சரிக்கை தந்தார். அன்றிலிருந்து இரண்டு பேர் கையொப்பமில்லாமல் எந்தத் தட்டையும் வீசக் கூடாது என்று விதி வந்தது. இன்னொன்றும் சொன்னார். இனி அந்தப் பிள்ளையின் சளி எப்போது வந்தாலும் அதை நான் மட்டுமே பார்க்க வேண்டும்.

தண்டனையாகத்தான் தொடங்கியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குப்பி வரும். நான் நான்கு நாள் வைத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு வகைக் கொலனியையும் தனியே பிரித்து, எந்த மருந்துக்கு எது அடங்குகிறது என்று தனித்தனியே போடுவேன். ஒரு வருடம் வேலைசெய்த மருந்து அடுத்த வருடம் செய்யாது. அந்த மாற்றத்தை ஒரு மாதிரிக்கு முன்பாகவே மோப்பம் பிடிக்க நான் பழகினேன். இரண்டு முறை நான் எழுதிய குறிப்பை வைத்து மருந்தை மாற்றினார்கள், அவள் வார்டுக்கு வராமலே தேறினாள். அவள் நெஞ்சில் என்ன நடக்கிறது என்று இந்த மாவட்டத்தில் என்னைவிடத் தெரிந்தவர் இல்லை என்ற நிலை வந்தது.

ஆனால் லெட்சுமிக்குத் தெரிந்த பெயர் நிஸாம் சேர் மட்டும்தான். கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் கலேவெல வெங்காயம் ஒரு பை, மாம்பழம், பூசணிக்காய் என்று கொண்டுவந்து அவனுக்குக் கொடுப்பாள். "எம்புள்ளய கண்டுபுடிச்சது நீங்கதான் சேர்," என்பாள். அவன் பாதியை என் மேசையில் வைப்பான். நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோனதே இல்லை. துப்புரவு வேலைசெய்யும் அக்காவிடம் கொடுத்துவிடுவேன். குற்றம் செய்தவன் நான், வெங்காயத்துக்குக் கோபித்தவனும் நான்.

பதினைந்து வயதில் ஒருநாள் தர்ஷினி ஆய்வுகூட வாசலுக்கு வந்து, தனக்குள் இருக்கும் கிருமியைப் பார்க்க வேண்டும் என்றாள். நிஸாம் என்னைக் கைகாட்டி, அவர்தான் உன் ஆள் என்றான். மூடியை ஒட்டிவைத்து, தட்டை வெளிச்சத்தில் காட்டினேன். மெலிந்த பிள்ளை. நெஞ்சு நோயால் விரல் நுனிகள் உருண்டிருந்தன. வெகுநேரம் பார்த்தாள்.

"இது எப்ப சேர் எனக்குள்ள வந்திச்சு?" என்று கேட்டாள்.

"சின்ன வயசுலம்மா. சரியா தெரியாது," என்றேன். அந்தப் பொய் அவளுக்கு நேராக நான் செய்த முதல் குற்றம்.

மெடம் ஓய்வுபெற்றுப் போனார். பிறகு நிஸாம். மூன்று மாதம் கழித்து நான். அவனுடைய பிரியாவிடைக்கு மண்டபம் கொள்ளவில்லை. என்னுடையதற்கு நாற்காலிகள் மிஞ்சின. எண்ணினேன் என்று சொல்ல வெட்கம்தான்.

இந்தக் கட்டுரையைக் கேட்ட பிறகு, அவனைப் பற்றி விவரம் வாங்குவதற்காக உக்குவளைக்குப் போனேன். முழங்கால் வலியால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வந்த காரியத்தைச் சொன்னேன். சிரித்தான். கலேவெலப் பிள்ளையின் கதையை எழுதப்போகிறேன், முழுதாகவே எழுதப்போகிறேன், பொறாமையால்தான் வீசினேன் என்றும் எழுதப்போகிறேன் என்றேன். அவன் சிரிப்பு நின்றது.

"அப்ப நான் செஞ்சதையும் எழுது," என்றான்.

"நீ என்ன செஞ்ச?"

"நான் அன்னைக்கு, அந்த வியாழக்கிழமையே, அத மெடத்துக்கிட்ட காட்டியிருக்கலாம். மெடம் பக்கத்து ரூம்லதான் இருந்தாங்க. எனக்கு முகந்த ஒடனே வெளங்கிட்டு, அது என்னன்னு."

முழங்காலைத் தடவியபடி தொடர்ந்தான்.

"காட்டியிருந்தா மிச்ச வேலையெல்லாம் நீ செஞ்சிருப்ப. வார்டுக்குப் போறது, கொழும்புக்கு எழுதுறது எல்லாம் நீ. நான் கல்யாண வீட்டுல நிப்பேன். ஒன் பேரு வந்திருக்கும். அதான் நோட்டுல பட்டும் படாம எழுதி வச்சிட்டுப் போனேன். திரும்பி வந்து நானே காட்டலாம்னு. வந்தப்ப தட்டு இல்ல, கேட்டா நான் மறைச்சதும் வெளிய வரும்னு கேக்காம விட்டேன்."

"எம்மேல ஒனக்கு என்னடா?" என்று கேட்டேன். உண்மையாகவே எனக்குப் புரியவில்லை.

"மெடம் கடிதம் எல்லாம் ஒன்கிட்டத்தானே குடுத்தாங்க. நான் எழுதினத ஒரு தடவையாவது அப்படியே அனுப்பினாங்களா? பெரிய டொக்டர்மாருக்குப் போற ஒவ்வொரு கடிதத்துலயும் ஒன் எழுத்து. நான் மோப்பம் புடிக்கிற நாய் மாதிரி நின்னேன்." கொஞ்சம் பொறுத்து, "மெடத்துக்கிட்ட ரெண்டு பேரும்னு சொன்னேனே, அது ஒன்னக் காப்பாத்த சொன்னதுன்னா நினைச்ச?" என்றான்.

இருபது வருடம் என்னைப் பார்த்து ஒருவன் பொறாமைப்பட்டிருக்கிறான், எனக்குத் தெரியாமலே போய்விட்டதே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளையின் ஞாபகம் வந்தது. வரிசை அப்படித்தான் இருந்தது, அதை மாற்றி எழுத விரும்பவில்லை.

அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றான் நிஸாம். நானும் அதையே நினைத்திருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

போன ஞாயிறு இருவரும் பஸ் ஏறினோம். கலேவெலவில் இறங்கியபோது வெயில் கொளுத்தியது. நிஸாமின் முழங்காலுக்காக இரண்டு இடத்தில் நின்று நின்று நடந்தோம். லெட்சுமி எங்களைக் கண்டதும், அவனைக் கண்டதும் என்று சொல்ல வேண்டும், பதறிப்போய்ப் பாய் விரித்தாள், நாற்காலி தேடினாள். தர்ஷினி உள்ளறையில் மருந்தை ஆவியாக்கும் சின்ன இயந்திரத்தை முகத்தில் வைத்து மருந்துப் புகை பிடித்துக்கொண்டிருந்தாள். கையால் பொறுங்கள் என்று காட்டினாள். அந்த மோட்டார் இரைச்சல் நிற்கும் வரை காத்திருந்தோம்.

நான்தான் சொன்னேன். முதல் தட்டை, பச்சையை, வழுவழுப்பை, பையில் போட்டதை. ஏன் போட்டேன் என்பதை. பிறகு நிஸாம் தன் பங்கைச் சொன்னான். அந்த ஏழு வாரத்தால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்ற மெடத்தின் வார்த்தையைச் சொல்ல எனக்கு நா எழுந்தது. சொல்லாமல் அடக்கிக்கொண்டேன்.

லெட்சுமி எழுந்தாள். நிஸாமை ஒருதரம் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. குசினிப் பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு வெளியே வரவில்லை.

தர்ஷினி இருமினாள். இருமி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கிண்ணத்தில் துப்பி, அதை மூடி வைத்துவிட்டு, வாயைத் துடைத்தாள்.

"எனக்கும் பொறாம வரும் சேர்," என்றாள். "என்கூடப் படிச்சவள்க பஸ்ஸுக்குப் பின்னால ஓடிப் புடிச்சி ஏறுவாள்க. ஏறின ஒடனே சிரிச்சிக் கதைப்பாள்க, மூச்சு வாங்காது. பாத்துக்கிட்டே இருப்பேன். பத்து வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அதுக்காக நான் யாரையும் ஒண்ணும் செஞ்சதில்ல."

நிஸாம் தலையைக் குனிந்துகொண்டான். மன்னிப்பு என்ற சொல்லைத் தயார்பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவள் சொன்னதற்குப் பிறகு அதை எடுக்க முடியவில்லை.

கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். எழுதவா வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன் என்றேன்.

"எழுதுங்க. படிக்கிறவங்க தட்ட வீசுறதுக்கு முந்தி ஒரு தடவ நினைக்கட்டும்," என்றாள். "எம்பேர மட்டும் மாத்திப் போடுங்க."

மாற்றியிருக்கிறேன். மெடத்தின் பெயரையும் அவளுடைய அம்மாவின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். நிஸாமின் பெயரையும் என் பெயரையும் மாற்றவில்லை.